இழுவைப் படகு ஹல்லுக்குப் பெயிண்ட்: பிரைமர் போட்டப்புறமும் பலகைக் கோடு தெரியுது

நொய்யல்கரை (சூலூர்):

வணக்கமுங்க. 1:32 அளவுல ஆர்.சி. (ரிமோட்ல ஓடற) மாடல் இழுவைப் படகு. ஹல், அதாவது படகோட வெளி ஒடம்பு, நீளம் 92 செ.மீ., அகலம் 26. 4 மி.மீ. பிளைவுட் ஃபிரேம், மேல 3 மி.மீ. பால்சா (லேசான மரம்) பலகை. அதுக்கு மேல 50 ஜி.எஸ்.எம். கிளாஸ் (கண்ணாடி இழை) துணி ஒரு அடுக்கு, எபாக்சி ரெசின் ரெண்டு கோட். 240 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு, ஸ்ப்ரே டப்பாவுல வர்ற சாம்பல் பிரைமர் ஒரு கோட் அடிச்சிருக்குது.

இப்பப் பார்த்தா ரெண்டு சங்கடம். நடு ஒடம்புல பலகைக்குப் பலகை கோடு தெரியுது. கையில தடவினா தெரியலை, வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத் தெரியுது. மூக்குலயும் பின்பக்க வளைவுலயும் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை.

மேல கறுப்பு, அடியில ரெட் ஆக்சைடு, நடுவுல 6 மி.மீ. வெள்ளைப் பட்டை. இதுதான் திட்டம். பி.யூ. (பாலியூரத்தேன் பெயிண்ட்) அடிக்கலாம்னு இருக்குது, சின்ன கம்ப்ரசரும் டச்-அப் கன்னும் (சின்ன ஸ்ப்ரே கன்) கிடைக்கும். கேள்வி மூணு: கோட்டையும் ஓட்டையையும் எதை வெச்சு அடைக்கறது? எந்தக் கலர் மொதல்ல? அடிப்பக்கத்துக்கு ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடே போதுமா?

பேட்டர்ன் பட்டறை (கணபதி, கோவை):

கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில்: போதாதுங்க. ரெட் ஆக்சைடு பிரைமர் கம்பி கேட்டுக்கு அடிக்கற அடிப்பூச்சு. மேல இன்னொரு பெயிண்ட் பிடிக்கணும்னே அதைச் சொரசொரப்பா செய்யறாங்க. அப்படியே விட்டா தண்ணி உள்ள போகும். அது எண்ணெய் சார்ந்த சரக்கு வேற. அதுமேல பி.யூ. பட்டா தின்னர் கடிச்சு, அப்பளமாட்டம் சுருங்கிப் போயிரும். கலர் மிக்சிங் கடையில ரெட் ஆக்சைடு ஷேடு காட்டி பி.யூ.விலயே கலந்து வாங்குங்க, பளபளப்பைக் குறைச்சுக் கேளுங்க. நிஜக் கப்பலோட அடிப்பக்கம் கண்ணாடியாட்டம் மின்னாது.

இனி கோடு. கையில தெரியாம கண்ணுல தெரியுதுன்னா, பெரும்பாலும் அது பசைக் கோடுங்க. பால்சா மெத்து, பலகைக்கு நடுவுல இருக்கற பசை கட்டி. உப்புத்தாள் மெத்துன்னு இருக்கறதைச் சீக்கிரம் தின்னும், பசையை விட்டுப்போடும். துணி போடறதுக்கு முன்னாடியே அந்த மேடு உருவாகியாச்சு. துணியும் ரெசினும் அதும் மேலயே படுத்துக்கிச்சு. விரல்ல தாளை மடிச்சு வெச்சுத் தேச்சா இன்னும் மோசமாகும், பள்ளத்துக்குள்ளயும் விரல் இறங்கும். பழைய ஹவாய் செருப்பு ரப்பர்ல 15 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவுல ஒரு துண்டு வெட்டி, அதுல 180 சுத்திக்குங்க. ஹல்லோட வளைவுக்கு வளைஞ்சு கொடுக்கும், பள்ளத்துல மட்டும் இறங்காது. நேரா முன்னயும் பின்னயும் தேய்க்காம, பலகைக் கோட்டுக்குக் குறுக்கா, சாய்வாத் தேய்க்கோணும்.

தேய்க்கறதுக்கு முன்னாடி கைடு கோட் போடுங்க. பென்சில் சீவின கிராஃபைட் தூளைப் பஞ்சுல தொட்டு ஹல் பூரா தடவினாப் போதும். தேச்சப்புறம் கறுப்பு எங்க நிக்குதோ அது பள்ளம், எங்க மொதல்ல போச்சோ அது மேடு. துணி நூல் தெரிய ஆரம்பிச்சா அங்க கையை எடுத்துருங்க. 50 ஜி.எஸ்.எம். துணிங்கறது ரெசினோட சேர்த்தும் 0.1 மி.மீ. கிட்டத்தான், நாலு இழுப்பு அதிகமாப் போனா பால்சா வந்துரும்.

அடைக்கறதுக்கு என்.சி. பட்டியை (தின்னர் காஞ்சு இறுகற நைட்ரோசெல்லுலோஸ் பட்டி) நம்பாதீங்க. தின்னர் போகப் போகச் சுருங்கும். இன்னைக்குச் சமமா இருக்கும், பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா அதே கோடு திரும்ப நிக்கும். குண்டூசி ஓட்டைக்கு மட்டும் கத்தி முனையில வெச்சு வழிக்கலாம், அவ்வளவுதான். பள்ளத்துக்கு, ஹல்லுக்குப் போட்ட அதே எபாக்சியில மைக்ரோ பலூன் (உள்ள காலியான நுண்ணுக் குமிழ்த் தூள்) கலந்து, சட்னியைவிடச் சித்தெ கெட்டியா வர்ற வரைக்கும் குழைச்சு, அகலமான பிளேடுல ஹல்லு நீளத்துக்கு இழுங்க. தேய்க்க லேசா வரும், எடையும் கம்மி. தேய்க்கறப்ப அந்தக் குமிழ் உடைஞ்சு நுண்ணுன்னு ஓட்டை விழும்கறதால, மேல ஒரு மெல்லிசு ரெசின் கோட் கட்டாயம் வேணும்.

எடை எதுக்குச் சொல்றேன்னா, ஒங்க ஹல் கிட்டத்தட்ட 0.4 சதுர மீட்டர். பாலியஸ்டர் பட்டி (கார் பாடிக்குப் போடறது) சராசரியா 1 மி.மீ. நின்னாலே 400 கன செ.மீ., 700 கிராமுக்கு மேல. பெயிண்ட் எல்லாக் கோட்டும் காஞ்சு 50 மைக்ரான் நின்னா 30 கிராம் வராது. பெயிண்டுக்குக் கணக்குப் பார்க்கறவங்க பட்டிக்குப் பார்க்கறதில்லை. இழுவைப் படகு தண்ணியில சரியா அமர எடைக்கு எப்படியும் ஈயம் போடணும், அதனால தப்பிச்சுக்கலாம். வேகப் படகுன்னா ஆகாதுங்க.

மூக்குலயும் பின்பக்கமும் மட்டும் ஓட்டை வந்ததுக்குக் காரணம் வேற. அங்க பால்சாவோட வெட்டு முகம் வெளிய திரும்பி நிக்கும், காத்துக் குழாய் எல்லாம் தெறந்து கிடக்கும். காலைல ரெசின் போட்டு, பொழுது ஏற ஏற மரம் சூடானா உள்ள இருக்கற காத்து விரிஞ்சு, ரெசினைக் குமிழாத் தள்ளிட்டு வெளிய வரும். சூடு இறங்கற நேரத்துல, சாயங்காலம் 4 மணிக்கு மேல போடுங்க. ஹல்லை ஒரு மணி நேரம் வெய்யில்ல வெச்சு நிழலுக்குக் கொண்டு வந்து உடனே போட்டா இன்னும் விசேஷம். ஆற ஆற மரமே ரெசினை உள்ள இழுத்துக்கும்.

ரெசின் காஞ்சதும், தேய்க்கறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணியும் ஸ்க்ரப்பரும் வெச்சு ஒருக்கா கழுவுங்க. எபாக்சி மேல மெழுகாட்டம் ஒரு பிசுக்கு படியும். கழுவாமத் தேச்சா அந்தப் பிசுக்கைத் தாளே உள்ள அழுத்திவிடும், அப்புறம் பெயிண்ட் பிடிக்காது. தின்னர்ல தொடைச்சா அது போகாது, தண்ணிக்குத்தான் கரையும்.

கரூர் பாடி பெயிண்ட்:

மேல சொன்னதெல்லாம் சரி. பெயிண்டுக்கு வர்றேன்.

ஸ்ப்ரே டப்பா பிரைமர் பெரும்பாலும் சிங்கிள் பேக். ஹார்டனர் கிடையாது, தின்னர் பட்டாக் கரையும். பஞ்சுல பி.யூ. தின்னர் நனைச்சு ஓரமா ஒரு எடத்துல ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க. பஞ்சுல சாம்பல் ஏறினா, அதுமேல டூ-கே சரக்கு (பேஸ், ஹார்டனர்னு ரெண்டாக் கலந்து அடிக்கறது, பி.யூ.வும் அதுல ஒண்ணு) அடிக்கக் கூடாது. தேச்சு எடுத்துட்டு டூ-கே எபாக்சி பிரைமர்ல ஆரம்பிங்க. பலகைக் கோட்டைத் தேய்க்கறப்பவே அந்த பிரைமர் முக்கால்வாசி போயிரும், தனி வேலை இல்ல.

பிரைமர், பேஸ், ஹார்டனர் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே செட். விகிதம் டப்பா மேல போட்டிருக்கறதுதான், 4:1-ஓ 2:1-ஓ. கண் அளவு வேண்டாம். மெடிக்கல் ஷாப்புல 20 மி.லி. சிரிஞ்சு ரெண்டு வாங்குங்க, ஒண்ணு பேஸுக்கு, ஒண்ணு ஹார்டனருக்கு. ஹார்டனர் குறைஞ்சா நகத்துல கீறினா வரும். கூடினா இன்னும் கெட்டியாகும்னு நினைக்கறாங்க, ஆகாது; ஒடிசலாகி, அப்புறம் வெடிப்பு விடும்.

அளவு: 0.4 சதுர மீட்டருக்கு ஒரு கோட் பிரைமர், வீணாப் போறதையும் சேர்த்து, கலந்தது 80 மி.லி. மூணு கோட்டுக்கு 250. கறுப்பு 150, சிவப்பு 150, வெள்ளை 50 போதும். சின்ன டப்பாவா வாங்குங்க. தெறந்த ஹார்டனர் காத்து ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாயிரும், அடுத்த படகுக்கு வராது.

பிரைமருக்கு 1.4 நாசில் இருந்தாலே போதும், சித்தெ இளக்கமாக் கலந்துக்கலாம். கலருக்கு டச்-அப் கன் 0.8 அல்லது 1.0. காத்து 25, 30 பி.எஸ்.ஐ. கன்னுக்கும் ஹல்லுக்கும் 15 செ.மீ. ஒரு இழுப்போட பாதி அகலத்து மேல அடுத்த இழுப்பு ஏறணும். கன் ஹல்லைத் தாண்டினப்புறம்தான் ட்ரிக்கரை விடணும். ஹல்லு மேலயே நிறுத்தினா அந்த எடத்துல வடியும். மொத கோட் பனி மாதிரி, மூடணும்னு ஆசைப்படாதீங்க. 10, 15 நிமிஷம் விட்டு ஈரக் கோட் ஒண்ணு, மறுபடி அதே மாதிரி ஒண்ணு. சித்திரை, வைகாசிச் சூட்டுல சாதா தின்னர் கன்னுல இருந்து ஹல்லுக்குப் போறதுக்குள்ள காஞ்சு சொரசொரன்னு உக்காரும், அப்ப ஸ்லோ தின்னர் கேட்டு வாங்குங்க.

வாட்டர் பேப்பர் பத்தி ஒண்ணு. பட்டி பார்த்த எடத்தைத் தண்ணி போட்டுத் தேய்க்கவே கூடாது. பாலியஸ்டர் பட்டி தண்ணி குடிக்கும், குடிச்சது பெயிண்டுக்கு அடியில மாட்டிக்கும், வெய்யில்ல வெச்சதும் கொப்புளம். பட்டி, ஃபில்லர் எல்லாம் காய்ஞ்ச தேய்ப்பு. டூ-கே பிரைமர் முழுசா மூடினப்புறம்தான் தண்ணி: 400, அப்புறம் 600. கலருக்கு முன்னாடி 800-க்கு மேல போகாதீங்க, பிடிப்பு இருக்காது. தேய்க்கப் போர்த் தண்ணி ஓகே, ஆனா கடைசிக் கழுவல் சிறுவாணியோ கேன் தண்ணியோ. உப்புத் தண்ணி காஞ்சு வெள்ளையாப் படிஞ்சா, அந்த உப்பு பெயிண்டுக்கு அடியில இருந்துகிட்டுத் தண்ணியை உள்ள இழுக்கும். குளத்துல விட்ட ஹல்லுல பொடிப்பொடியாக் கொப்புளம் வர்றதுக்கு இது ஒரு காரணம்.

பாலியஸ்டர் பட்டி போட்டே ஆகணும்னா கிரீம் ஹார்டனர் எடையில 2 சதவீதம். சீக்கிரம் காயட்டும்னு கூடப் போட்டா, மீந்த ஹார்டனர் மேல ஏறி வெள்ளைப் பட்டையில மஞ்சக் கறை காட்டும்.

மாஸ்க்: பி.யூ. ஹார்டனர் ஐசோசயனேட், மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம். கர்ச்சீப் கட்டறது, துணி மாஸ்க் ஒண்ணும் வேலைக்கு ஆகாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் வெச்ச மாஸ்க் போடணும், கை உறை போடணும், தெறந்த எடத்துல அடிக்கணும். ஆஸ்துமா இருக்கறவங்க பி.யூ. பக்கமே போகாதீங்க.

பனியன் ஊர் (திருப்பூர்):

கம்ப்ரசர் இருந்தாலும் பி.யூ.தான் அடிக்கணும்னு சட்டம் இல்லைங்க. கறுப்பும் சிவப்பும் பிரஷ்ஷுக்கு நல்லாப் படியற கலர்; இழுவைப் படகு ஹல்லுக்குச் சிந்தெடிக் எனாமலே தாங்கும். டர்பென்டைன் 10 சதவீதம் விட்டு, 25 மி.மீ. மெத்துன்னு இருக்கற பிரஷ்ல மூணு மெல்லிய கோட். கோட்டுக்குக் கோட் 24 மணி நேரம், நடுவுல 600 தாள்ல லேசா ஒரு தேய்ப்பு. ஒரு நிபந்தனை: எபாக்சி மேல நேராப் போட்டா எனாமல் வாரக்கணக்கில் காயாமப் பிசுபிசுன்னே இருக்கும். எபாக்சியில மீந்து நிக்கற அமின் (ஹார்டனர்ல இருக்கற ரசாயனம்) எனாமல் காயறதைத் தடுக்கும். நடுவுல பிரைமர் வேணும். ஸ்ப்ரே டப்பா பிரைமர் இருக்குதே, அதுவே எனாமலுக்குப் போதும், எடுக்க வேண்டியதில்லை. ஆனா எனாமல் போட்டப்புறம் மனசு மாறி அதுமேல பி.யூ. அடிச்சா சுருங்கும். ஆரம்பத்துலயே ஒரு பாதையைப் பிடிச்சுக்கணும்.

எந்தப் பெயிண்டா இருந்தாலும் நம்ம பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. கிலோ கணக்குல கிடைக்கற பனியன் வேஸ்ட்ல கடைசித் தொடைப்பு தொடைக்காதீங்க. பஞ்சு ஒட்டறது ஒரு பக்கம். துணி மெத்துன்னு இருக்க ஃபினிஷிங்ல சிலிக்கான் சாஃப்ட்னர் ஏத்தியிருப்பாங்க. அது ஹல்லுல பட்டா, பெயிண்ட் அடிச்ச அடுத்த விநாடி சின்னச் சின்ன வட்டமா விலகி அடிப்பூச்சு தெரியும். மேல எத்தனை கோட் அடிச்சாலும் குழி குழியாத்தான் நிக்கும், காய விட்டுத் தேச்சு எடுத்துட்டு மறுபடி அடிக்கணும். பெயிண்ட் கடையில டேக் கிளாத்னு பிசுபிசுப்பான துணி விக்கும், அதை வாங்கிக்குங்க. புரொப்பெல்லர் குழாய்க்கு கிரீஸ் வைக்கறதும் பெயிண்ட் எல்லாம் முடிஞ்சப்புறம்தான், அதே காரணம்.

நொய்யல்கரை (சூலூர்):

தெளிவாச்சுங்க, எல்லாருக்கும் நன்றி. பஞ்சுச் சோதனை பண்ணிப் பார்த்தாச்சு, சாம்பல் ஏறுது. எடுத்துப்போட்டு டூ-கேவுலயே போறேன். வெள்ளைப் பட்டைதான் இன்னும் பயமா இருக்குது. 6 மி.மீ. டேப்பை ஒட்டி ரெண்டு பக்கமும் அடிச்சாச் சரியா வருமுங்களா? அப்புறம் இப்ப ஆடி மாசம், இந்தக் காத்துல அடிக்க முடியுமா?

பேட்டர்ன் பட்டறை (கணபதி, கோவை):

நடு ஒடம்புல சரியா வரும், பின்பக்கம் வராதுங்க. வெள்ளைப் பட்டைங்கறது 6 மி.மீ. அகலமான ரிப்பன் இல்ல; தண்ணி மட்டத்துக்கு மேல ஒரே உயரத்துல ஓடற ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கற எடம். ஹல் செங்குத்தா நிக்கற எடத்துல அது 6 மி.மீ. டேப் அளவுதான். பின்பக்கம் ஹல் உள்ள சாயற எடத்துல அதே 6 மி.மீ. உயரம், ஹல்லு மேல அளந்தா 10, 12 கூட ஆகும். அங்கயும் 6 மி.மீ. டேப்பையே ஒட்டினா, தள்ளி நின்னு பார்க்கறப்ப பட்டை வாலுப் பக்கம் மெலிஞ்சு, கோடு தொங்கின மாதிரி தெரியும். பெயிண்ட் எவ்வளவு நல்லா இருந்தாலும் கண்ணு அங்கதான் போகும்.

அதனால ரெண்டு கோட்டையும் தனித்தனியாக் கிழிக்கணும். மொதல்ல பேட்டரி, மோட்டார், ஈயம் எல்லாம் அதோட எடத்துல வெச்சுத் தண்ணியில விடுங்க. 92 செ.மீ.க்கு மாட்டுத் தொட்டியே போதும். ஒங்க அளவுக்கு எல்லாம் சேர்த்து 12, 13 கிலோவாவது இறங்கும்; வெறும் ஹல்லை மிதக்க விட்டு மார்க் பண்ணினா பிரயோஜனம் இல்ல. மூக்குல ஒரு புள்ளி, வாலுல ஒரு புள்ளி, ரெண்டு பக்க நடுவுலயும் ஒவ்வொண்ணு. அப்புறம் ஹல்லைச் சமமான பலகை மேல, நிமுந்த வாக்குல, அந்த நாலு புள்ளியும் ஒரே உயரம் வர்ற மாதிரி ஆப்பு வெச்சு நிறுத்துங்க. கிரானைட் சமையல் மேடை இருந்தா அதைவிட நல்ல சமதளம் வீட்டுல கிடைக்காது. ஒரு மரக்கட்டையில பென்சிலைப் படுக்க வெச்சுக் கட்டி, கட்டையை மேடை மேலயே நகர்த்திட்டு ஹல்லைச் சுத்தி வந்தா ஒரு கோடு. கட்டைக்கு அடியில 6 மி.மீ. பிளைவுட் துண்டு குடுத்து மறுபடி சுத்தினா ரெண்டாவது கோடு. மெஷின் ஷாப்புல தெரிஞ்சவங்க இருந்தா ஒரு நாளைக்கு ஹைட் கேஜ் (உயரம் அளந்து கோடு கிழிக்கற கருவி) வாங்கிக்குங்க, இன்னும் சுத்தமா வரும்.

பெயிண்ட் வரிசை: வெள்ளை மொதல்ல. கோட்டுக்கு மேலயும் கீழயும் ஒரு விரக்கடை தாண்டி அடிச்சுருங்க. வெள்ளை மேல கறுப்பும் சிவப்பும் ஒரே பூச்சுல மூடும். திருப்பிப் போனா கறுப்பு மேல வெள்ளை மூடறதுக்குள்ள விளிம்பு தடிச்சுப் போகும். அதனால கோட்டையும் ரெண்டு தடவை கிழிக்கணும். வெள்ளை எங்க விழணும்னு பிரைமர் மேல ஒருக்கா, வெள்ளை காஞ்சதும் டேப்புக்காக அதே கட்டையை வெச்சு லேசா ஒருக்கா. வெள்ளை ஒரு நாள் காஞ்சதும், கோட்டுக்குள்ளாற 3 மி.மீ. ஃபைன் லைன் டேப்பை (விளிம்பு சுத்தமா வர்ற பிளாஸ்டிக் டேப்) மேல் கோட்டுக்கு ஒண்ணு, கீழ் கோட்டுக்கு ஒண்ணுன்னு ஒட்டுங்க. பின்பக்கம் நடுவுல விடற இடைவெளியைச் சாதா டேப்புல அடைச்சுக்குங்க. காகித மாஸ்கிங் டேப்போட விளிம்பு பல்லுப்பல்லா இருக்கும், விளிம்புக்கு அதை வைக்காதீங்க. நகத்துல விளிம்பை அழுத்திப்போட்டு, அதுமேல மறுபடி வெள்ளையே மெல்லிசா ஒரு கோட். டேப்புக்கு அடியில எங்கயாச்சும் கசிஞ்சா வெள்ளைதான் கசியும், வெள்ளை மேல வெள்ளை தெரியாது. அப்புறம் கீழ் பக்கத்தை மூடிட்டுக் கறுப்பு. அது காஞ்சு, கறுப்பை மூடிட்டுச் சிவப்பு.

கடைசிக் கோட் தொட்டா ஒட்டாத நிலைக்கு வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள்ள, டேப்பைப் பின்னால மடிச்சு ஹல்லோட ஒட்டினாப்பல இழுங்க. மறுநாள் எடுத்தா கெட்டியான படலம் ஓரத்துல சில்லு சில்லாப் பேரும்.

ஆடிக் காத்துக்கு: பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பகல் ஏற ஏறத்தான் பலமாகும். காலை 7-ல இருந்து 10-க்குள்ள, ஷெட்டுக்கு மேக்குப் பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டி அடிங்க. தரையில தண்ணி தெளிச்சுத் தூசியை அமத்துங்க. தெளிச்சாப் போதும், குளம் கட்ட வேண்டாம். பி.யூ. ஹார்டனருக்கு ஈரம் ஆகாது, பொடிக் குமிழ் வரும்.

இன்னொண்ணு, மேல கறுப்புன்னு சொன்னதால. வெய்யில்ல கறுப்பு ஹல் 60 டிகிரியைத் தொடும். சாதாரணச் சூட்டுல காஞ்ச எபாக்சி அந்தச் சூட்டுக்கு இளகி, அடங்கியிருந்த பலகைக் கோடு மறுபடி மேல வரும். ஃபில்லர், ரெசின் எல்லாம் முடிஞ்சு பிரைமருக்கு முன்னாடி, தகர ஷெட்டுக்குள்ள ஹல்லை ஒரு வாரம் போட்டு வைங்க. சுருங்க வேண்டியது எல்லாம் பெயிண்டுக்கு முன்னாடியே சுருங்கிரும். அப்புறம் மறுபடி கைடு கோட், மறுபடி 240.

கரூர் பாடி பெயிண்ட்:

ஹல் உள்பக்கம் ரெசின் அடிச்சிருக்குதா? அதை நீங்க எழுதலை. ஆர்.சி. படகுல வெளிய கொப்புளம் விடறதுல பாதி, உள்ள தேங்கின தண்ணியைப் பால்சா குடிச்சு ஊர்றதாலதான். ஃபிரேம் மூலை, மோட்டார் மவுண்ட் அடி, சுக்கான் குழாயைச் சுத்தி ரெண்டு கோட் ரெசின் போடுங்க, வெளிய பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி.

பெயிண்ட் முடிஞ்சு ஒரு வாரம் தண்ணியில விடாதீங்க. ஸ்டாண்டுல சோபா ஃபோம் வெச்சு நிறுத்தினா அச்சு விழும், பபிள் ஷீட் சுத்தினா குமிழ் குமிழாப் பதியும். அந்த ஒரு வாரம் டெக் ஓட்டை வழியாக் கயிறு கட்டித் தொங்க விட்டுருங்க.

நொய்யல்கரை (சூலூர்):

உள்பக்கம் ஒரு கோட்தானுங்க இருக்குது. இன்னொண்ணு போட்டுட்டு, ஷெட்டுல ஒரு வாரம் கிடந்தப்புறம் பிரைமர் படம் போடறேன்.

பேட்டர்ன் பட்டறை (கணபதி, கோவை):

கைடு கோட் தேச்ச படத்தையும் போடுங்க, பிரைமருக்கு முன்னாடி. டியூப் லைட்டை ஹல்லு நீளத்துக்குப் பிடிச்சு எடுங்க. லைட்டோட பிம்பம் எங்க நெளியுதோ அங்கதான் வேலை பாக்கி.